அமெரிக்கப் பள்ளி மாவட்டத்தில் ‘ஆபரேஷன்ஸ்’ பொறுப்பு என்றால் என்ன வேலை? ஆசிரியர் பின்னணி இல்லாமல், நிர்வாக அனுபவம் மட்டும் இருந்தால் போதுமா?

போதும் என்று நினைத்துத்தான் நானும் போனேன். ஒன்பது வருடம் ஆகிறது. என்னிடம் ஆசிரியர் உரிமம் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. சில மாநிலங்களில் வேறு சான்றிதழ் கேட்பார்கள், அதை உங்கள் மாநிலத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் என்னைப் போல ஏதோ கம்பெனியில் சப்ளை செயின், புராஜெக்ட் என்று காலத்தை ஓட்டிவிட்டு, லே ஆஃப் பயத்தில் ‘பள்ளிக்கூட வேலைதானே, நிம்மதியாக இருக்கும்’ என்று பார்க்கிறீர்கள் போல. தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

பள்ளி மாவட்டம் என்றால் ஒரு வட்டாரத்து அரசுப் பள்ளிகளைச் சேர்த்து நடத்தும் அமைப்பு. அதில் வகுப்பில் நடக்கும் பாடத்தைத் தவிர மற்றதெல்லாம் உங்கள் தலையில். பஸ், சாப்பாடு, பாய்லர், ஒழுகும் கூரை, துப்புரவு, பூட்டு சாவி, கொள்முதல். எதைத் தொட்டாலும் ஒரு சட்டம் இருக்கும். மத்திய அரசின் மதிய உணவுத் திட்டம் 1946-லிருந்து நடக்கிறது. எங்கள் பள்ளிகளில் ஒரு தட்டுக்கு அரசுப் பணம் வர வேண்டுமென்றால், ஐந்து உணவு வகைகளில் மூன்றையாவது பிள்ளை எடுத்திருக்க வேண்டும். அதில் ஒன்று அரை கப் பழமோ காயோ கட்டாயம். சிக்கன், ரொட்டி, பால் என்று மூன்றோடு வரும் பையனைக் கல்லாவில் இருக்கும் அம்மா திருப்பி அனுப்புவார், ‘போய் ஒரு ஆப்பிள் எடுத்துட்டு வா’ என்று. எடுத்து வருவான். அடுத்த ஐந்தாவது நிமிடம் ஆப்பிள் குப்பைத் தொட்டியில் கிடக்கும். பழைய கட்டடத்தில் புரொஜெக்டர் மாட்ட ஓர் ஓட்டை போடுவதென்றாலும் அங்கே ஆஸ்பெஸ்டாஸ் (தூளாகி நுரையீரலுக்குள் போனால் ஆபத்தான நார்) இருக்கிறதா என்று முதலில் ஃபைலைப் புரட்ட வேண்டும். அது 1986 சட்டம், மூன்று வருடத்துக்கு ஒரு முறை மறு ஆய்வும் உண்டு.

சரி, ‘நிர்வாக அனுபவம் மட்டும் போதுமா’ என்றீர்களே, அதற்கு வருகிறேன்.

நான் சேர்ந்த முதல் அக்டோபர். எங்கள் பக்கம் குளிர் கடுமை. பஸ்களுக்குப் போடும் சாதாரண டீசல் நம்பர் 2. அதில் மெழுகு கலந்திருக்கும், கடுங்குளிரில் அது பிரிந்து ஃபில்டரை அடைத்துவிடும். அதனால் குளிர்காலத்தில் நம்பர் 1 டீசலைக் கலப்பார்கள். அது விலை அதிகம். வானிலைக் கணிப்பில் மிதமான குளிர்காலம் என்று போட்டிருந்தது. நான் எக்செலைத் திறந்து, கலப்பதை ஜனவரி பாதிக்குத் தள்ளினால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டு, மாவட்டப் பள்ளிகளை மேற்பார்வை செய்யும் போர்டின் கூட்டத்தில் ஸ்லைடும் காட்டினேன். கைதட்டவில்லை, ஆனால் ஒருவர் தலையாட்டினார். அதற்கே எனக்குப் பெருமை.

எங்கள் கராஜின் தலைமை மெக்கானிக் ஒரே வரியில் மெயில் போட்டார்: ‘டிசம்பருக்குள் கலந்துவிட வேண்டும்.’ நான் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் போட்டேன். அந்த மெயில் அப்புறம் வரும்.

ஜனவரி முதல் வாரம், ஒரு திங்கட்கிழமை. மைனஸ் 14 டிகிரி ஃபாரன்ஹீட். பள்ளிக்கு விடுமுறை விடுவதா என்று முடிவெடுப்பது சூப்பரின்டெண்டென்ட் (மாவட்டப் பள்ளிகளின் தலைமை நிர்வாகி), ஆனால் நாலரை மணிக்கு அவருக்கு போன் போட்டு நிலவரம் சொல்வது நான். இரவெல்லாம் என்ஜின் ஹீட்டர் போட்டு வைத்திருந்ததால் பஸ்கள் எல்லாம் ஸ்டார்ட் ஆகிவிட்டன. ‘ஓடுது சார், திறக்கலாம்’ என்றேன். ஸ்டார்ட் ஆவதும் ஓடுவதும் வேறு வேறு என்று அப்போது எனக்குத் தெரியாது. கிளம்பிப் பதினைந்து, இருபது நிமிடத்தில் ரேடியோவில் ஒவ்வொன்றாகக் குரல் வந்தது. ஆறு பஸ்கள் வழியிலேயே நின்றுவிட்டன.

அதில் ஒன்றில் 23 சின்னப் பிள்ளைகள். என்ஜின் நின்றால் ஹீட்டரும் போச்சு. ஓட்டியவர் ரிட்டயர் ஆன ஒரு பாட்டி. பிள்ளைகளை நடு இருக்கைகளில் மூன்று மூன்று பேராக நெருக்கி உட்கார வைத்து, தன் கோட்டைக் கழற்றி இரண்டு பேர் மேல் போர்த்தி, மாற்று பஸ் வரும்வரை ஒருவரையும் கீழே இறங்க விடவில்லை. பதினெட்டு நிமிடம். மாற்றி ஏற்றும்போது தலை எண்ணினார், ஏறிய பிறகு இன்னொரு தடவை எண்ணினார். நான் போய்ச் சேர்ந்தபோது மெக்கானிக் கழற்றிய ஃபில்டரை என்னிடம் நீட்டினார். மார்கழியில் பாட்டிலுக்குள் உறைந்த தேங்காய் எண்ணெய் போலவே இருந்தது உள்ளே. திட்டியிருந்தால் தேவலை. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

போர்டு கூட்டத்தில் அந்த மெயிலை ஒருவர் சத்தமாக வாசித்தார், என் பதிலையும் சேர்த்து. அடுத்த வருடத்திலிருந்து எரிபொருள் எப்போது கலப்பது என்பதை மெக்கானிக்தான் முடிவு செய்கிறார். நான் கையெழுத்து மட்டும் போடுகிறேன்.

‘பிள்ளைகள் உயிரோடு விளையாடிவிட்டு இங்கே கதை எழுதுகிறாயா’ என்று யாராவது வருவீர்கள், தெரியும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நானும் தப்பை மறைக்கவில்லை. பல மாவட்டங்கள் பஸ்ஸைத் தனியாரிடம் விட்டுவிடுகின்றன, அங்கே இந்தக் கதை வேறு மாதிரி இருக்கும். எந்த மாவட்டம் என்று கேட்காதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். சனி ஞாயிறுகளில் பள்ளிக் கட்டடத்தை வாடகைக்கு விடுவதும் என் வேலைதான். நம்மூர்க்காரர்கள் தமிழ் வகுப்பு நடத்த எடுப்பார்கள், சந்தோஷம். பொங்கல் விழா முடிந்ததும் ஜிம் தரையெல்லாம் சாம்பார், வகுப்பறை நாற்காலிகள் எங்கெங்கோ. மரப்பலகை பதித்த அந்தத் தரையில் ஈரம் தங்கினால் பலகை தூக்கிக்கொள்ளும். ஞாயிறு இரவு கஸ்டோடியன், அதாவது பள்ளித் துப்புரவுப் பணியாளர், தனியாக மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அதே ஆட்கள் விருந்தில் என்னைப் பார்த்து, ‘ஓ, டீச்சர் இல்லையா? பஸ் டிப்போவா?’ என்பார்கள். அவர்கள் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போனால் ராங்கிங் நல்லது என்று மட்டும் என்னிடம் கேட்பார்கள்.

விண்ணப்பம் போடுங்கள். நேர்காணலில் சம்பளம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், பெரும்பாலும் இணையதளத்திலேயே இருக்கும். பஸ் டிரைவர் இடம் எத்தனை காலி என்று கேளுங்கள். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம், நடுவில் சம்பளம் இல்லை என்றால் யார் வருவார்கள்? நான் கனரக லைசென்ஸோடு பள்ளி பஸ்ஸுக்கான அனுமதியும் எடுத்து வைத்திருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை மாலை ரூட் நான்தான் ஓட்டினேன், டையோடு.