மருமகன் வாங்கி வந்த குரோமியம் மாத்திரை

கேள்வி: எனக்கு 56 வயது. ஆறு வருடமாக சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். அமெரிக்காவிலிருந்து வந்த மருமகன் குரோமியம் மாத்திரையும், ஜிங்க், செலினியம் சேர்ந்த மாத்திரையும் வாங்கி வந்திருக்கிறார். இவற்றைச் சாப்பிட்டால் மெட்ஃபார்மினை நிறுத்திவிடலாமா டாக்டர்?
– ஒரு வாசகி, தேனி

பதில்: நிறுத்தவே கூடாதும்மா. மருமகனின் அக்கறை சரி, மாத்திரைதான் தேவையில்லாதது.

சர்க்கரையைக் குறைக்கும் என்ற பெயர் குரோமியத்துக்குச் சும்மா வந்துவிடவில்லை. கனடாவின் டொராண்டோவில் ஒரு பெண்மணி மூன்று வருடத்துக்கும் மேலாக ரத்தக்குழாய் வழியாகவே ஊட்டச்சத்து பெற்றுவந்தார். எடை குறைந்தது, சர்க்கரை ஏறியது, நரம்பும் பாதித்தது. இன்சுலின் கொடுத்தும் சரியாகவில்லை. தினம் 250 மைக்ரோகிராம் குரோமியம் ஏற்றியதும் இரண்டே வாரத்தில் தேறத் தொடங்கினார். டாக்டர் ஜீஜீபாய் குழுவினர் 1977-ல் இதை எழுதினார்கள். மாத்திரை விற்கிறவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது! ஆனால் அந்தப் பெண்மணிக்கு வாய்வழிச் சாப்பாடு கிடையாது. நீங்கள் மூன்று வேளையும் சாப்பிடுகிறீர்கள். 2014-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், குரோமியம் உடம்புக்கு அத்தியாவசியம் என்பதற்கே போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

எனக்கு அதிகக் கவலை தருவது செலினியம்தான். தோல் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்க அமெரிக்காவில் பல வருடம் தினம் 200 மைக்ரோகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடம்தான் புதிதாகச் சர்க்கரை நோய் அதிகம் வந்திருந்தது. 2007-ல் வெளியான முடிவு இது. உங்கள் டப்பாவில் எத்தனை மைக்ரோகிராம் என்று கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

ஜிங்க் விஷயம் வேறு. கணையம் இன்சுலினைச் சேமித்து வைப்பதே ஜிங்க்கின் துணையோடுதான். ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் இரண்டு ஜிங்க் அயனிகளைச் சுற்றிக் கட்டாக இருக்கும். அதற்காக அள்ளி விழுங்கினால், உடம்பில் தாமிரம் சேராமல் போகும். பயறு, கம்பு, கேழ்வரகில் ஜிங்க் உண்டு. ஆனால் அவற்றில் இயல்பாகவே உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. ஊறவைத்து முளைகட்டினாலோ, மாவைப் புளிக்கவைத்தாலோ அந்தத் தடை குறையும். சாப்பிடும் அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், முளைகட்டிய கேழ்வரகும் சர்க்கரையை ஏற்றும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடும்போது வைட்டமின் பி12 குறையலாம். பாதம் மரத்துப்போவது, எரிச்சல் எல்லாவற்றையும் சர்க்கரையின் தலையில் போட்டுவிடுகிறோம். அடுத்த முறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது பி12-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் அதற்கு மாத்திரையோ ஊசியோ உங்கள் டாக்டர் எழுதித் தருவார்.