மெயில் சர்வரில் 'கீ ஃபைல்' பிழை: ரெகவரி சேவை வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் அலுவலக மெயில் வாடகை சர்வரில் ஓடுகிறது. மெயில் முழுக்க மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில்தான் இருக்கிறது. இப்போது எதையாவது தேடினால் 'டேபிளின் கீ ஃபைல் தவறு, ரிப்பேர் செய்து பாருங்கள்' என்று 126ஆம் எண் பிழை வருகிறது. டேட்டாபேஸே போய்விட்டது, டேட்டா ரெகவரி சேவையும் சர்வரில் அதிக இடம் தரும் பெரிய பிளானும் வாங்கியே ஆகவேண்டும் என்கிறார் பராமரிப்பாளர். வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள், இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். அந்தப் பிழை வரியை முழுசாக அனுப்பச் சொல்லி, அதில் எந்த டேபிளின் (டேட்டாபேஸுக்குள் இருக்கும் அட்டவணையின்) பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

டெம்ப் ஃபோல்டரில் (தற்காலிகக் கோப்புகள் இருக்கும் இடத்தில்), ஹேஷ் (#) குறியோடு தொடங்கும் பெயர் என்றால் உங்கள் மெயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தேடலுக்காக டேட்டாபேஸ் தற்காலிகமாக உருவாக்கிய டேபிள் அது, எழுதிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கில் இடம் தீர்ந்துபோயிருக்கும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: தேடல் தோற்றதும் அந்தக் கோப்பு தானாக அழிந்துவிடும், அப்புறம் போய்ப் பார்த்தால் டிஸ்க்கில் நிறைய இடம் இருப்பதுபோலத்தான் தெரியும். அதனால் தேடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கில் காலி இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளை கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய லாக்குகளை (சர்வரின் பதிவுக் கோப்புகளை) அழித்தோ, டெம்ப் இடத்தை டிஸ்க்கின் வேறு பார்ட்டிஷனுக்கு (பகுதிக்கு) மாற்றியோ சரிசெய்துவிடலாம், செலவே இல்லை.

மெயில் டேபிளின் பெயரே வந்தால் விஷயம் வேறு. அது மைஐஎஸ்ஏஎம் வகையா (மைஎஸ்க்யூஎல் டேபிளைச் சேமிக்கும் பழைய முறை) என்று கேளுங்கள். அதில் மெயில் எம்ஒய்டி கோப்பிலும், இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல், பிழை சொல்லும் 'கீ ஃபைல்' இதுதான்) எம்ஒய்ஐ கோப்பிலும் தனித்தனியாக இருக்கும், கெட்டது இண்டெக்ஸ் மட்டும் என்றால் டேட்டாவை வைத்தே திரும்பக் கட்டிவிடலாம். ஆனால் முதலில் மெயில் சேவையையும் டேட்டாபேஸையும் நிறுத்திவிட்டு, கோப்புகளை வேறு டிஸ்க்கில் காப்பி எடுக்க வேண்டும், இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிறகு டேட்டாபேஸை மட்டும் தொடங்கி 'செக் டேபிள்', 'ரிப்பேர் டேபிள்' கட்டளைகளைக் கொடுக்கலாம். ரிப்பேருக்கும் காலி இடம் வேண்டும். 'மைஐஎஸ்ஏஎம்செக்' என்ற தனி ரிப்பேர் கருவியைப் பயன்படுத்துவதென்றால் டேட்டாபேஸ் நின்றிருக்கும்போதுதான், ஓடும்போது கொடுத்தால் இருப்பதும் கெட்டுப்போகலாம்.

சரியானதும் டேபிளை இன்னோடிபி வகைக்கு மாற்றச் சொல்லுங்கள். 2010இல் வந்த மைஎஸ்க்யூஎல் 5.5 பதிப்பிலிருந்தே அதுதான் இயல்பான வகை, சர்வர் திடீரென்று நின்றாலும் தானே மீண்டு எழும். ஏற்கெனவே இன்னோடிபிதான் என்றால் ரிப்பேர் கட்டளை அதில் வேலை செய்யாது, பெரும்பாலும் பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டியிருக்கும்.

இடம் தாராளமாக இருந்தும் பிழை திரும்பத் திரும்ப வந்தால் டிஸ்க் மேல் சந்தேகப்படலாம். டிஸ்க்கை மாற்றுவது யார் பொறுப்பு என்று வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். பெரிய பிளான், லாக்குகளை அழித்த பிறகும் இடம் போதாவிட்டால் மட்டும். ரெகவரி சேவை, எம்ஒய்டி கோப்பும் கெட்டு, பேக்கப்பும் இல்லாவிட்டால் மட்டும்.