பலர் இணையத்தில் கூடிப் பாத்திரமேற்று ஆடும் புதிய விளையாட்டுகள், அவ்வகையில் புகழ்பெற்ற வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டை எதிர்த்து நிற்க முடியுமா?

முடியும், ஆனால் அதையே நகலெடுத்து நிற்க முடியாது. 2004-இல் வெளிவந்த அவ்விளையாட்டு 2010-இல் 1.2 கோடிச் சந்தாதாரர்களை எட்டியது. அதன் உண்மையான பலம் கதையைவிடக் கூட்டாளிகளே என்பது என் உறுதியான கருத்து. கீழக்கரையில் இரவுச் சாப்பாடு முடிந்து கணினி முன் அமரும் ஓர் இளைஞர், துபாயில் வேலை பார்க்கும் தம் மச்சானோடு ஒரே குழுவில் சண்டைக்கு இறங்குகிறார் என்றால், மச்சானும் வராமல் அவர் மட்டும் வேறு விளையாட்டுக்குப் போகமாட்டார். ஆண்டுக்கணக்கில் சேர்த்த கவசங்களும் பட்டங்களும் அந்தப் புதிய விளையாட்டுக்கு உடன் வாரா.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டைப் போலவே பெருங்குழுச் சண்டைகளைப் பெரிதும் நம்பி 2014-இல் வந்த வைல்ட்ஸ்டார் என்ற விளையாட்டு, 2018-இல் மூடப்பட்டது. 2012-இல் வந்த கில்ட் வார்ஸ் 2 மாதச் சந்தா கேட்கவில்லை. ஆகவே பழையதைக் கைவிடாமலே அதையும் விளையாட முடிந்தது. 2010-இல் தோற்றுப்போன ஃபைனல் ஃபேன்டஸி 14, 2013-இல் அடியோடு திருத்தி எழுதப்பட்டு மீண்டும் வந்து வென்றது.