ஓனர் கேட்கலாம், நான் கேட்கக்கூடாதா?

கேள்வி: நானும் எங்கள் விசைப்படகு ஓனரும் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள், ஒரே அன்பியம் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற குழு). போன தவக்காலத்தில் ஒரு முடிவெடுத்தோம். நான் குடியை விடுவது, அவர் செல்போனில் காசு வைத்து ரம்மி ஆடுவதை விடுவது, ஞாயிறு பூசை முடிந்ததும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது. மீன்பிடித் தடைக்காலத்தில் ஒருநாள் நான் சறுக்கிக் குடித்துவிட்டேன், மறைக்காமல் அவரிடம் சொன்னேன். அதைப் படகில் வேலை பார்க்கிற மற்றவர்களிடம் சொல்லிவிட்டார். ரம்மியைப் பற்றி நான் கேட்டால் சிரித்து மழுப்புகிறார். அவரிடம் முன்பணம் வேறு வாங்கியிருக்கிறேன். இத்தோடு விட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், பாம்பன்

பதில்: ஏற்பாட்டை மாற்றுங்கள். குடியை விடும் முடிவை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

முன்பணத்தைப் போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு உங்கள் கடிதமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. கடன் கொடுத்தவர் கேட்டால் அக்கறை, வாங்கியவர் கேட்டால் திமிர் என்பதுதானே ஊர் நடப்பு. அவரை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த தடவை உங்களைக் கடலுக்குக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறவர் அவர், அதனால் அவர் கேட்கிற கேள்வியில் பாதி உங்களைப் பற்றியது, மீதி படகைப் பற்றியது, இரண்டையும் பிரித்துப் பார்க்க அவருக்கே தெரியாமல் இருக்கலாம். மீனை விற்றதும் டீசல், ஐஸ் செலவைக் கழித்து எல்லாரையும் வைத்துக்கொண்டுதானே பங்கு பிரிக்கிறீர்கள்? உங்கள் கணக்கை மட்டும் விரித்துப் பார்த்துவிட்டு அவர் நோட்டை மூடி வைத்துக்கொண்டால் ஒத்துக்கொள்வீர்களா?

ஜான் வெஸ்லி நம் கத்தோலிக்கர் இல்லை, ஆங்கிலிக்கன் குரு, இருந்தாலும் இந்த விஷயத்தில் மனிதர் கெட்டிக்காரர். 1738-இல் அவர் சிறு சிறு குழுக்களுக்கு எழுதிவைத்த விதிகளில் ஒன்று, வாராவாரம் கூடும்போது ஒருவர் முதலில் தன் நிலையைச் சொல்லிவிட்டு, அதற்கு அப்புறம்தான் மற்றவர்களைக் கேட்கவேண்டும் என்பது. குழுவில் சேர வருகிறவரிடம், உன் குற்றத்தை மற்றவர்கள் உன்னிடம் எடுத்துச்சொல்ல உனக்குச் சம்மதமா என்றும் முன்கூட்டியே கேட்டுவிடுவார்கள். உங்கள் சிநேகிதரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். சம்மதம் என்றால், அடுத்த ஞாயிறு ரம்மிக் கதையை அவர் முதலில் சொல்லட்டும், பிறகு நீங்கள். மறுபடி சிரித்தால் பதில் கிடைத்துவிட்டது. சிநேகிதம் இருக்கட்டும், இந்தப் பேச்சுக்கு வேறு ஆளைப் பாருங்கள், காசு கொடுக்கல் வாங்கல் இல்லாத ஒருவரை.

வெளியே சொன்னதற்கு வருவோம். சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய்ச் சொல் என்கிறார் இயேசு (மத்தேயு 18:15), உங்கள் விஷயத்தில் நீங்களே வந்து சொன்ன பிறகும் அது கூட்டத்துக்குப் போயிருக்கிறது. இதை விழுங்கிக்கொண்டு உட்காராதீர்கள், அவர் தனியாக இருக்கும்போது நேராகவே சொல்லுங்கள். மனைவிக்குச் சொல்லலாமா, பங்குத்தந்தைக்குச் சொல்லலாமா என்பதையெல்லாம் முதல் நாளே பேசி வைத்திருக்கவேண்டும், நம் ஆட்கள் ஜெபம் பண்ணிவிட்டு ஆரம்பித்துவிடுகிறார்கள், இதை யாரும் பேசுவதில்லை.

இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கிறது, கையும் மனசும் சும்மா இருக்கிறது, அதில் ஞாயிற்றுக்கு ஞாயிறு கேட்டால் எப்படிப் போதும்? அந்த இரண்டு மாதமும் தினம் சாயங்காலம், கடை கூப்பிடுகிற அந்த நேரத்தில், உங்களைக் கேட்கிறவரை ஐந்து நிமிஷம் பாருங்கள். அரசு தருகிற தடைக்கால நிவாரணம் 8000 ரூபாய் கணக்கில் விழுகிற அன்று கட்டாயம் பாருங்கள், பணம் வீட்டுக்காரம்மா கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அவர் கேட்கட்டும். குடிக்காத நாளில் கை நடுங்குகிறது, தூக்கமே இல்லை என்றால் அதற்குச் சிநேகிதர் போதாது, அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) இருக்கும்போது பாவத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது எதற்கு? சாமியாரிடம் சொன்னால் போதாதா?
- மறைக்கல்வி ஆசிரியை, தங்கச்சிமடம்

பதில்: மன்னிப்புக்கு அதுதான் வழி, அதில் பேச்சே இல்லை, சிநேகிதர் பாவமன்னிப்புக் கொடுக்க முடியாது. ஆனால் டீச்சர், அங்கே கேட்டதை வைத்து சாமியார் செவ்வாய்க்கிழமை உங்களைச் சந்தையில் நிறுத்தி "என்னம்மா, இன்னும் மாமியாரோடு பேசவில்லையா?" என்று கேட்க முடியுமா? பாவசங்கீர்த்தன ரகசியம் அவர் வாயைக் கட்டிவிடுகிறது, நீங்களாகப் பேச்சை எடுத்தால்தான் உண்டு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்தக் கட்டு கிடையாது, நீங்கள் அனுமதி கொடுத்திருந்தால் தைரியமாகக் கேட்பார். யாக்கோபு 5:16-இல் ஒருவருக்கொருவர் பாவத்தை அறிக்கையிடச் சொல்கிற அதே வசனம், ஒருவருக்காக ஒருவர் வேண்டிக்கொள்ளவும் சொல்கிறது, ஆக கேட்கிற அக்கா வேண்டிக்கொள்கிற அக்காவாகவும் இருக்கவேண்டும், அதைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் இதில் இழுக்கவேண்டாம், பத்து வயதில் இன்னொருவர் ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாது.