500 யூனிட்டுக்குள் அடங்குமா?

கேள்வி: நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டில் இரண்டு மாத மின் கணக்கு 520, 540 யூனிட் என்றே வருகிறது. விளக்குகளைத் தவறாமல் அணைத்தும் குறையவில்லை. எங்கே சிக்கனம் பிடிப்பது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: 2022இல் மாற்றியமைக்கப்பட்ட தமிழ்நாட்டு வீட்டு மின் கட்டண முறையில், 500 யூனிட்டைக் கடந்தால் கூடுதல் யூனிட்டுகளுக்கு உயர்ந்த விலை விதிக்கப்படுவதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குரிய குறைந்த விலையும் கைநழுவிப் போகிறது. ஆகவே, 40 யூனிட்டைக் குறைத்தாலே உங்களுக்குக் கணிசமாக மிச்சமாகும்.

எல்.இ.டி. விளக்குகளை அணைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அதில் கிடைப்பது சொற்பம். முதலில் கீசரைக் கவனியுங்கள். 2,000 வாட் கீசர் நாள்தோறும் அரை மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 60 யூனிட் செலவாகும். திருச்சிக் கோடையில் அது எதற்கு? அடுத்தது மின்விசிறி. சுமார் 75 வாட் இழுக்கும் பழைய விசிறிக்குப் பதிலாக, 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத, மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார்) விசிறியைப் பொருத்தினால், நாளுக்கு 15 மணி நேரக் கணக்கில் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 40 யூனிட் குறையும். விலை கூடுதல் என்பதால் எல்லா அறைகளுக்கும் ஒரே சமயத்தில் வாங்க வேண்டாம். அதிக நேரம் ஓடும் கூடத்து விசிறியை மட்டும் முதலில் மாற்றுங்கள். ஏ.சி. இருந்தால் 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள்.

கணக்கெடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பார்த்து, சென்ற முறை குறித்த அளவைக் கழித்துக்கொண்டால், எல்லையை நெருங்குகிறீர்களா என்பது தெரிந்துவிடும்.