12 முதலியார்களும் சின்னம்மாவின் காணியும்

அன்புள்ள ஐயா,

நான் சட்டம் படிக்கிறேன். வழக்கங்களை எழுதிச் சட்டமாக்கினால் உறைந்துபோகும், எழுதாமல் விட்டிருந்தால் காலத்தோடு தாமே மாறியிருக்கும் என்று வகுப்பில் வாதம் வந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையைத்தான் உதாரணம் காட்டினார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

அன்புள்ள தங்கைக்கு,

போன வருடம் சின்னம்மாவோடு புதுக்கடையில் ஒரு நொத்தாரிசிடம் போயிருந்தேன். கோண்டாவிலில் அவருக்குச் சீதனமாக வந்த காணியை விற்க வேண்டும். உறுதியைப் புரட்டிப் பார்த்தவர், "ஐயாவின்ரை கையெழுத்தும் வேணுமே அம்மா" என்றார். சித்தப்பா கனடாவில், பேச்சு நின்று 18 வருடம். வெள்ளவத்தையில் வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் தனியே பார்த்த மனுஷி. ஆனாலும் தேசவழமைக்கு உட்பட்டவர்களின் திருமணச் சொத்துப் பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. (அது கிடைக்காவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு வாங்கலாம். அதற்கும் அலைய வேண்டும்.) சின்னம்மா கைப்பையை மூடிக்கொண்டு கேட்டார்: "அப்ப காணி ஆரின்ரை?"

இதைப் பார்த்தால் உங்கள் வகுப்புச் சொன்னது சரியென்றுதான் படும். ஆனால் எழுதாத வழக்கம் தானாக மாறும் என்பதை நான் நம்பவில்லை. எழுதாத இடத்தில் வழக்கம் என்பது ஊரில் குரல் பெருத்தவரின் ஞாபகம்தான். முதுசொம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று பிரித்து எழுதிக் கிடப்பதால்தான் ஒரு விதவை நீதிமன்றத்தில் நின்று தன் பங்கைக் கேட்க முடிகிறது.

என் கோபம் வேறு: தேசவழமையை யாரைக் கேட்டு எழுதினார்கள்? ஒல்லாந்த ஆளுநர் சிமோன்ஸ் சொல்ல, யாழ்ப்பாணத்துத் திசாவையான (ஒல்லாந்த நிர்வாக அதிகாரி) கிளாஸ் ஐசாக்ஸ் எழுதினார். அதைத் தமிழாக்கி, ஊர்ப் பெரியவர்களான 12 முதலியார்களிடம் காட்டிச் சரிபார்த்து, 1707இல் நடைமுறைப்படுத்தினார்கள். பன்னிரண்டு பேரில் ஒரு பெண் இல்லை. அடிமைகளைப் பற்றியும் அதில் ஒரு பகுதி உண்டு. பார்த்துத் தலையாட்டியவர்களில் அடிமை எவரும் இல்லை. 1806இல் ஆங்கிலேயர் அதற்கே சட்ட வலுவும் கொடுத்தார்கள். 1844இல் அடிமைமுறை ஒழிந்தது, அந்தப் பகுதியும் செத்தது. அதைக் கொன்றது காலம் இல்லை, இன்னொரு எழுத்து. 1911இல் எழுதிய கணவன் சம்மதத்தைக் கொல்லவும் ஒரு பேனாதான் வேண்டும்.

சின்னம்மா நீதிமன்றம் போகவில்லை. உறுதியைப் பழையபடி பொலித்தீன் பையில் சுற்றி, அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டார்.