வெங்காயமாய் வளரட்டும்!

வாசகர் கடிதம்:

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். ஒன்பது வருடமாக நியூயார்க்கில், ப்ரூக்ளினின் பிரைட்டன் பீச் பக்கம் குடியிருக்கிறோம். காரைத் தெருவில்தான் நிறுத்த வேண்டும். போன மாதம் ஒருநாள் மகனைப் பள்ளிக்கு அழைத்துப் போகக் கீழே இறங்கினால், டிரைவர் பக்கத்து சைடு மிரர் கண்ணாடியை யாரோ உடைத்து, உடைத்ததைப் பத்திரமாக டயரில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கதவில் முன்னாலிருந்து பின்னால் வரை சாவியால் ஒரு கோடு. எதுவும் திருடு போகவில்லை. சும்மா செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் மாடியில் ஒரு யூதப் பாட்டி இருக்கிறார். 84 வயது. உக்ரைனில் செர்னிவ்ட்சி என்ற ஊரிலிருந்து வந்தவர். கடைக்குப் போக இறங்கியவர் நின்று பார்த்தார். அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். பிறகு ஆளில்லாத தெருவைப் பார்த்து, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசும் யிட்டிஷ் மொழியில் ஏதோ சொன்னார். பாட்டு மாதிரி இருந்தது. ‘ட்சிபெலே’, ‘கோப்’, ‘ட்ரெர்ட்’ என்று மூன்று சொல்தான் என் காதில் நின்றது. என்னவென்று கேட்டதற்கு, ‘வெங்காயம்’ என்று மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். என் ஏழு வயது மகன் பாட்டியிடம் திரும்பத் திரும்பக் கேட்டு அதை மனப்பாடம் செய்து, வகுப்பில் பென்சிலைப் பிடுங்கிய பையனிடம் சொல்லிவிட்டான். ஆசிரியைக்கு அது புரிந்தும் இருக்கிறது! எனக்குக் குறிப்பு அனுப்பியிருக்கிறார். “யார் பெத்த பிள்ளையோ, சாபம் போடுறதைக் கேட்டுச் சிரிக்கிறியே” என்று கணவரும் கடிந்துகொள்கிறார். அந்தச் சாபத்துக்கு என்ன அர்த்தம்? பிள்ளை முன்னால் இப்படிப் பேசாதீர்கள் என்று பாட்டியிடம் சொல்லலாமா?

பெயர் வேண்டாம், ப்ரூக்ளின்

பதில்:

அன்புள்ள திண்டுக்கல் மகளே,

ப்ரூக்ளினில் ஒரு பள்ளி ஆசிரியைக்கு யிட்டிஷ் வசவு புரிவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவர் வீட்டிலும் ஒரு பாட்டி இருந்திருப்பார்.

நீங்கள் பிடித்து வைத்திருக்கும் மூன்று சொல்லே போதும். பாட்டி சொன்னது இதுதான்: ‘எர் ஸோல் வாக்ஸ்ன் வி அ ட்சிபெலே, மிட்ன் கோப் இன் ட்ரெர்ட்.’ அவன் வெங்காயம் மாதிரி வளரட்டும், தலை மண்ணுக்குள்ளே இருக்க. யிட்டிஷ் வசவுகளில் மிகவும் பிரசித்தமானது இது. ‘கால் மேலே இருக்க’ என்று ஒரு வாலும் சேர்த்துச் சொல்வார்கள். சின்ன வெங்காயச் சந்தை உள்ள ஊர்க்காரிக்கு வெங்காயம் எப்படி வளரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். மண்ணுக்கு மேலே பச்சையாக நிற்பதை நாம் என்னவென்று சொல்கிறோம்? வெங்காயத்தாள். தாள் என்றால் கால். ‘தாள் பணிந்தான்’ என்கிறோமே, அந்தத் தாள்தான். ஆக, தலை கீழே, தாள் மேலே! செர்னிவ்ட்சிப் பாட்டி தமிழ் படித்தவரில்லை, நம் ஊர் வெங்காயக்காரருக்கு யிட்டிஷ் தெரியாது. இது தட்டுப்பட்ட பிறகு எனக்கு அரைமணி நேரம் வேறு வேலை ஓடவில்லை.

‘இன் ட்ரெர்ட்’ என்பதில் கொஞ்சம் காரமும் உண்டு. மண்ணுக்குள் என்பதுதான் நேர் அர்த்தம். ஆனால் ‘மண்ணுக்குள் போ’ என்று யிட்டிஷில் சொன்னால் நரகத்துக்குப் போ என்றும் ஆகும். ஆசிரியை எரிச்சலானது அதனால்கூட இருக்கலாம். பெரியார் ‘வெங்காயம்’ என்றால் உரிக்க உரிக்க ஒன்றுமில்லை என்று அர்த்தம். பாட்டியின் வெங்காயத்தில் உள்ளே ஏதோ இருக்கிறது.

உங்கள் காதுக்கு அது பாட்டு மாதிரி பட்டதற்கும் காரணம் இருக்கிறது. எல்லாம் அந்த ‘ஸோல்’ செய்கிற வேலை. பள்ளிக்கூடத்தில் வியங்கோள் வினைமுற்று படித்தோமே, வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்று? வாழ்க என்பதற்கும் வீழ்க என்பதற்கும் ஒரே விகுதி. யிட்டிஷில் அந்த இடத்தில் ‘ஸோல்’ நிற்கிறது. நூறு வயசு வாழட்டும் என்றாலும் ஸோல், பல்லெல்லாம் உதிரட்டும் என்றாலும் ஸோல். அந்த மொழியில் ஆண்டு குறித்துக் கிடைத்திருக்கும் மிகப் பழைய வரி 1272-ல் எழுதப்பட்டது. ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரத்துப் பிரார்த்தனை நூல் ஒன்றில் பெரிய எழுத்துகளின் இடைவெளிக்குள் அது ஒளிந்திருக்கிறது: இந்தப் புத்தகத்தைத் தொழுகைக் கூடத்துக்குச் சுமந்து செல்பவனுக்கு நல்ல நாள் வாய்க்கட்டும். அந்தக் காலத்துப் பிரார்த்தனை நூல் தோள் வலிக்கும் கனம். சுமக்கிறவனுக்கு ஒரு வாழ்த்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

வாழ்த்தும் வசவும் ஒரே அச்சில் வார்க்கப்படுவதால், ஒன்றாகத் தொடங்கி மற்றொன்றாக முடிக்கலாம். யிட்டிஷ் பாட்டிகள் கரை கண்டது இதில்தான். ‘உனக்கு நூறு வீடு இருக்கட்டும், வீட்டுக்கு நூறு அறை இருக்கட்டும், அறைக்கு இருபது கட்டில் இருக்கட்டும்...’ கேட்பவன் கை கூப்பத் தயாராகும்போது, ‘குளிர்க்காய்ச்சல் உன்னைக் கட்டிலுக்குக் கட்டில் தூக்கிப் போடட்டும்’ என்று முடியும். வியாபாரிக்குத் தனியாக ஒன்று: அவனுக்குப் பெரிய கடை அமையட்டும், கடையில் இருப்பதை யாரும் கேட்க வேண்டாம், கேட்பது எதுவும் கடையில் இருக்க வேண்டாம். பல்லைப் பற்றியது: எல்லாப் பல்லும் விழட்டும், ஒன்றே ஒன்று மட்டும் நிற்கட்டும், பல்வலிக்கு. வண்டி சம்பந்தப்பட்டது வேண்டுமென்றால் அதுவும் உண்டு. உனக்கு இனிமையான சாவு வரட்டும், சர்க்கரை லாரி ஏறி.

நம்மிடம் இந்த வித்தை இல்லையா என்று நீங்கள் கேட்கக் கூடாது. என் அப்பாயி தோட்டத்தில் தேங்காய் திருடியவனை, “மகராசன், நல்லா இருப்பான்” என்பாள். அவள் சொன்ன தொனியில் கேட்டவர்கள் அந்த மகராசனுக்காகப் பயந்துபோவார்கள். ஆனாலும் மனம் விட்டுச் சொல்கிறேன், நம் வசவுகளில் பெரும்பாலானவை அவசரக் கோலம். கட்டையில போவான், நாசமாப் போவான், விளங்காமப் போவான் என்று மூன்றாவது சொல்லில் ஆளைச் சுடுகாட்டுக்கே அனுப்பிவிடுகிறோம். யிட்டிஷ் வசவு ஆளைச் சாகவிடாது. வீடு கட்டிக் கொடுத்து, கட்டில் போட்டுக் கொடுத்து, நிதானமாக அனுபவிக்க வைக்கும்.

இப்போது உங்கள் கணவர் சொன்னதுக்கு வருகிறேன். அவர் பக்கம் பெரிய ஆட்களே இருக்கிறார்கள். ‘செவிடனைச் சபிக்காதே’ என்பது யூத வேதமான தோராவில் உள்ள கட்டளை. காது கேட்காதவனைச் சபித்தால் அவனுக்கு என்ன நஷ்டம்? 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார். சபிக்கிறவரின் மனம் வஞ்சம் தீர்க்கப் பழகிவிடும், தடை அதற்காகவும்தான் என்பது அவர் விளக்கம். உங்கள் தெருவில் ஓடிப்போனவனும் ஒரு வகையில் செவிடன்தானே?

யூதர்களின் சட்ட விளக்க நூலான தால்முதில் இன்னொரு கதை இருக்கிறது. ரபி (யூத மதகுரு) மெய்ர் என்பவரை அக்கம்பக்கத்து முரடர்கள் சிலர் ஓயாமல் தொல்லை செய்தார்கள். அவர்கள் செத்துத் தொலையட்டும் என்று அவர் பிரார்த்திக்கத் தொடங்கினார். மனைவி பெரூரியா குறுக்கிட்டார். ‘பாவங்கள் ஒழியட்டும் என்றுதானே வேதத்தின் சங்கீதப் பாடலில் இருக்கிறது, பாவிகள் ஒழியட்டும் என்றா இருக்கிறது?’ அவர்கள் திருந்த வேண்டும் என்று மெய்ர் பிரார்த்தனையை மாற்றிக்கொண்டார், அவர்களும் திருந்தினார்கள் என்று கதை முடிகிறது. கணவர் தப்பு செய்யும்போது இலக்கணம் சொல்லித் திருத்திய பெண்ணை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உங்கள் வீட்டில் பெரூரியா வேலையைக் கணவர் செய்கிறார் போலிருக்கிறது.

ஆனாலும் நான் பாட்டி பக்கம்தான். ஏனென்று சொல்கிறேன். யிட்டிஷில் உண்மையாகவே கொடிய சாபம் ஒன்று உண்டு: அவன் பெயர் அழிந்து போகட்டும். அது எபிரேயத்திலிருந்து வந்தது. ஹிட்லர் பெயரைச் சொன்னால் கூடவே அதையும் சொல்வார்கள். பாட்டியின் பிறந்த ஆண்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். போருக்கு முன் உலகத்தில் யிட்டிஷ் பேசியவர்கள் 1 கோடிக்கும் மேல். நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். அந்தக் காலத்தில் பிறந்து, அந்த மொழியை 84 வயது வரை வாயில் வைத்திருப்பவருக்கு எந்தச் சாபம் யாருக்கு என்று தெரியாதா? உங்கள் கார்க் கண்ணாடியைப் பார்த்தார், கோட்டை விரலால் அளந்தார், வெங்காயத்தை எடுத்தார். அளந்து கொடுத்த மருந்து மாதிரி இருக்கிறது எனக்கு. நீங்கள் சிரித்ததற்காக வருந்த வேண்டியதில்லை. உங்களைச் சிரிக்க வைக்கவும்தான் அவர் அதைச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

மகன் விஷயம். வசவு மனப்பாடம் செய்த பையன்கள் உருப்படமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் ஷோலெம் அலைக்கெமைக் காட்டுங்கள். யிட்டிஷ் இலக்கியத்தின் பெரிய பெயர் அவர். உக்ரைனைச் சேர்ந்தவர்தான். 13 வயதில் காலரா அவருடைய அம்மாவைக் கொண்டுபோனது. (யிட்டிஷில் காலராவே ஒரு வசவு, அந்த வீட்டில் அது எப்படி ஒலித்திருக்கும்!) அப்பா மறுமணம் செய்துகொண்டார். வந்த சிற்றன்னைக்கு வாயைத் திறந்தால் வசவு. பையன் என்ன செய்தான்? ஒவ்வொன்றையும் எழுதி வைத்து, அகர வரிசைப்படுத்தி, அகராதியே தயாரித்தான். அதுதான் அவருடைய முதல் படைப்பு. அது அப்பா கையில் சிக்கியது, சிற்றன்னைக்கும் தெரிந்தது. அடி விழும் என்று பையன் நடுங்கிக்கொண்டிருக்க, அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாராம். ஷோலெம் அலைக்கெம் 1916-ல் உங்கள் நியூயார்க்கில்தான் காலமானார். இறுதி ஊர்வலத்துக்கு லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். அடக்கமானது பக்கத்திலேயே, குவீன்ஸில்.

அதற்காகப் பையனை வகுப்பில் சொல்லவிட முடியாது. பாட்டியின் வாக்கியத்திலேயே அவனுக்கு வேண்டியது இருக்கிறது. அவர் சொன்னது ‘எர்’, அதாவது ‘அவன்’. எதிரே யாரும் இல்லாத தெருவைப் பார்த்துச் சொன்னார். பென்சில் பிடுங்கியவன் எதிரிலேயே நிற்கிறான். அவனிடம் ‘பென்சிலைக் கொடு’ என்று சொல்லிவிடலாம். ஏழு வயதுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே புரியும். ஆசிரியைக்கு நடந்ததை அப்படியே எழுதுங்கள், கார், கோடு, பாட்டி எல்லாம் சேர்த்து. முடிந்தால் அந்தப் பையனுக்கு ஒரு பென்சில் கொடுத்தனுப்புங்கள். பாட்டியிடம் பேசாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சாபம் தவிர வேறென்ன சொல்லித் தருவீர்கள் என்று கேளுங்கள். இவ்வளவு வளமான கிணற்றில் தாலாட்டு இல்லாமல் போகுமா?

காரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. படம் எடுத்து வைத்திருப்பீர்கள். போலீஸில் புகார் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸில் ‘காம்ப்ரிஹென்சிவ்’ பகுதி இருந்தால்தான் இந்த மாதிரி சேதத்துக்குப் பணம் வரும். நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய ‘டிடக்டிபிள்’ தொகையைவிடப் பழுதுச் செலவு குறைவென்றால் கோரிப் பயனில்லை. இன்னொன்று. நியூயார்க் சட்டப்படி, வேண்டுமென்றே செய்த சேதம் 250 டாலரைத் தாண்டினால் வழக்கு பெரிய குற்ற வகைக்குப் போய்விடும். இந்தக் காலத்துக் கண்ணாடியும் ஒரு கதவுக்கு பெயின்ட்டும் சேர்ந்தால் அதைச் சுலபமாகத் தாண்டும். செய்தவன் அடுத்த கட்டடத்துப் பையன் என்று தெரியவந்தால், புகாரை எவ்வளவு தூரம் கொண்டுபோவது என்று யோசிக்கும்போது கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் அவர் சொல்வது எடுபடும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். புதுக் கண்ணாடி மாட்டி, கோட்டை மறைத்துப் பெயின்ட் அடித்து, காரைக் கொண்டுவந்து நிறுத்தும்போது பாட்டி சுற்றிவந்து பார்ப்பார். ‘கேயின் அயின் ஹோரே’ என்பார். பிறகு உங்கள் புதுப் பெயின்ட்டைப் பார்த்து மூன்று முறை ‘த்து, த்து, த்து’ என்று துப்புகிற மாதிரி செய்வார். பதறித் துணியைத் தேடாதீர்கள். திருஷ்டி கழிக்கிறார்.